ஆள் இருக்கிற பிரஷ்

முதல் நாள் அது நடந்தபோது அறைத் தோழன் கொஞ்சம் பயந்தே போனான்.

இரண்டு பேரும் லிப்ட் மெக்கானிக்குகள். ஒரே கம்பெனி, ஒரே அறை, ஒரே வாஷ்பேசின். புது ஆள் தன் எலெக்ட்ரிக் பிரஷ்ஷால் பல் தேய்த்துக்கொண்டிருந்தான். தோழன் குழாய்க்காகத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு இடப்பக்கத்தில் காத்து நின்றான். பிரஷ் 'ட்ர்ர்ர்' என்று நீளமாக ஒரு முறை விக்கியது. உடனே புது ஆள் சுவிட்சை அணைத்தான், பிரஷ் தலையைச் சடக்கென்று பிடுங்கினான், வெறும் கைப்பிடியை, திரும்பிக்கூடப் பார்க்காமல், இடப்பக்கம் நீட்டினான்.

"எனக்கா?" என்றான் தோழன்.

"என்னது?"

"நீட்டறியே! உன் பிரஷ்ஷ வெச்சிக்கிட்டு நான் என்ன பண்றது?"

அவன் அப்போதுதான் தன் கையைப் பார்த்தான். யாரோ இரவல் கொடுத்த கை போல அது அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தது.

"பழக்கம்" என்றான்.

"நல்ல பழக்கம்டா. சாப்பிட்டு முடிச்சதும் தட்டையும் இப்படித்தான் நீட்டுவியா?"

அந்தப் பழக்கம் பிறகும் போகவில்லை. தோழன் பக்கத்தில் இருந்தால் கைப்பிடியை வாங்கி, "தேங்க்ஸ் மாப்ளே" என்று சொல்லித் திருப்பிக் கொடுப்பான். இல்லாத நாட்களில் கை நேராகத் தொங்கும் துண்டில் போய் இடிக்கும். நாலு வருஷமாக அப்படித்தான்.

அந்தக் கைக்கு ஒரு காரணம் உண்டு. அதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொன்னால்தான் பிறகு நடந்தது புரியும்.

வீட்டில் அவனுக்கு ஸ்க்ரூ என்று பெயர். சின்ன வயதில் இஸ்திரிப் பெட்டியைப் பிரித்துத் திரும்பப் பூட்டினான். பெட்டி சூடானது, வேலையும் செய்தது, ஆனால் ஒரு ஸ்க்ரூ மிச்சமாகிவிட்டது. அந்த மிச்சமே பெயராக ஒட்டிக்கொண்டது. அவனுக்கு முன்னால் ஓர் அக்கா, பின்னால் ஒரு தங்கை. தங்கையைச் சுண்டு என்பார்கள். அப்பா பழச்சாறு அடைக்கும் பாட்டில் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். பாட்டில்கள் வரிசையாக வந்து, கழுவப்பட்டு, நிரப்பப்பட்டு, மூடி போடப்பட்டு, ஒன்றையொன்று இடிக்காமல் போய்ச் சேர வேண்டும். அது நிற்காமல் பார்த்துக்கொள்வதுதான் அவர் உத்தியோகம். அதனால் உலகத்தில் எந்த வரிசையைக் கண்டாலும் அவருக்குக் கை துறுதுறுக்கும்.

ஒரு நாள் பல் டாக்டர் மூன்று பிள்ளைகளின் வாயையும் திறந்து பார்த்துவிட்டு, "இவங்க மூணு பேரும் பல் தேய்க்கிறதில்ல சார். பிரஷ்ஷை நனைக்கிறாங்க, அவ்வளவுதான்" என்றார். அப்பாவுக்கு மானம் போயிற்று. அன்று மாலையே எலெக்ட்ரிக் பிரஷ் ஒன்றை வாங்கி வந்தார். ஒன்றுதான்.

"அஞ்சு பேருக்கு ஒரு பிரஷ்ஷா?" என்று அம்மா மூக்கைச் சுளித்தாள்.

"மோட்டார், பேட்டரி எல்லாம் கைப்பிடிக்குள்ளதான் இருக்கு. வாய்க்குள்ள போறது தலை மட்டும். தலை ஆளுக்கு ஒண்ணு. கைப்பிடி பொதுச்சொத்து" என்றார் அப்பா.

அதைச் செய்தவர்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள் போலும். பாக்கெட்டில் இருந்த தலைகள் ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு நிற வளையம் இருந்தது. மஞ்சளை அம்மா எடுத்துக்கொண்டாள். பச்சை அக்காவுக்கு, சிவப்பு ஸ்க்ரூவுக்கு, நீலம் சுண்டுவுக்கு. நிறங்கள் நாலுதான், ஆட்கள் ஐந்து. அடுத்த பாக்கெட்டிலிருந்து ஒரு தலையை எடுத்து, அதன் வளையத்தின்மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிக்கொண்டார் அப்பா. தலை தேய்ந்து புதிது மாற்றும்போதெல்லாம் டேப்பும் புதிதாகச் சுற்றப்படும். அது அவருடைய நிறம்.

ஸ்க்ரூவுக்கு அந்தப் பிரஷ் பெரிய அதிசயம். ஸ்டாண்டில் உலோகம் ஒன்றும் தலைகாட்டவில்லை, பிரஷ்ஷிலும் இல்லை. பிளாஸ்டிக்கின்மேல் பிளாஸ்டிக் உட்காருகிறது, ஆனால் சார்ஜ் ஏறுகிறது. எப்படி? ஸ்டாண்டுக்குள் ஒரு செம்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. அதில் மின்சாரம் முன்னும் பின்னும் ஆடும்போது அதைச் சுற்றிக் காந்தப்புலமும் ஆடுகிறது. பிரஷ்ஷின் அடியில் இருக்கும் இன்னொரு சுருள், தொடாமலே, அந்த ஆட்டத்தை உணர்ந்து தனக்கென்று மின்சாரம் உண்டாக்கிக்கொள்கிறது. நடுவில் ஒரு கம்பியும் கிடையாது. இதைத் தெரிந்துகொண்ட அன்று அவன் அம்மாவைச் சமையலறையிலிருந்து இழுத்து வந்து, ஸ்டாண்டைக் காட்டி, மூச்சு விடாமல் விளக்கினான். "சரிடா, பால் பொங்குது" என்று அவள் போய்விட்டாள்.

பிரஷ்ஷுக்குள் ஒரு சின்னக் கடிகாரமும் உண்டு. அரை நிமிஷத்துக்கு ஒரு தரம் மோட்டார் லேசாக விக்கும். மேல் வரிசையில் ஒரு பக்கம் முடிந்தது, அடுத்த பக்கம் போ என்று அர்த்தம். நாலு பக்கமும் முடிந்ததும் நீளமாக விக்கும். அப்பா இந்த விக்கலைக் கேட்டாரோ இல்லையோ, அவருக்குள் இருந்த சூப்பர்வைசர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

குளியலறை ரயில் பெட்டி மாதிரி நீளமாக இருக்கும். இரண்டு கதவுகள்: இடப்பக்கம் கூடத்துக்கு, வலப்பக்கம் அப்பா அம்மா அறைக்கு. நடுவில் கண்ணாடி, வலது ஓரத்தில் குழாய். அப்பா போட்ட சிஸ்டம் இதுதான். எல்லோரும் கூடத்துக் கதவு வழியாக வரிசையாக வர வேண்டும். கண்ணாடி முன்னால் நிற்பவர் தேய்க்க வேண்டும். நுரையைத் துப்பக் கையில் ஒரு பிளாஸ்டிக் குவளை. நீள விக்கல் வந்ததும் தன் தலையைப் பிடுங்கிக்கொண்டு கைப்பிடியை இடப்பக்கம் நீட்டிவிட்டு, குழாய்க்கு நகர்ந்து, கொப்பளித்து, அறைக் கதவு வழியாக வெளியேற வேண்டும். அம்மா, அக்கா, சுண்டு, ஸ்க்ரூ, கடைசியில் அப்பா. ஷிப்டில் எல்லோரும் போன பிறகுதான் சூப்பர்வைசர் போவார்.

"பார்க்காம நீட்டணும். பக்கத்துல ஆள் இருப்பாங்கன்னு நம்பி நீட்டணும்" என்பார். "திரும்பிப் பார்த்தா நேரம் போகும். லைன் நிக்கக் கூடாது."

கேட்கச் சிரிப்பாக இருந்தாலும், காலையில் குளியலறைச் சண்டை என்பதே அந்த வீட்டில் ஒழிந்துபோயிற்று.

அம்மா முதல் ஆளாக முடித்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விடுவாள். அங்கிருந்தே யார் ஒழுங்காகத் தேய்க்கிறார்கள் என்று கண்டுபிடித்துவிடுவாள். வாய் ஒரு பெட்டி மாதிரி. உள்ளே பிரஷ் ஓடும்போது சத்தம் கன்னத்தில் அமுங்கி வரும். வாய் திறந்தால் சத்தம் கணீரென்று வெளியே வரும். கடைவாய்க்குப் போனால் தொண்டையிலிருந்து வருவது போலிருக்கும். ஸ்க்ரூ ஒரு குளிர்காலத்தில் சோம்பேறித்தனமாக, ஓடுகிற பிரஷ்ஷைக் குவளைக்குள் விட்டுவிட்டுக் கண்ணாடியைப் பார்த்து நின்றான்.

"டேய்! குவளைக்குப் பல்லு இல்லடா!" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

சுண்டு சிரித்த சிரிப்பில் அவள் வாயிலிருந்த தண்ணீர் அக்காவின் முதுகில் போய் விழுந்தது.

பள்ளிக்கூட நாட்களிலேயே பிரஷ்ஷின் பேட்டரி ஒரு முறை தளர்ந்துபோனது. மாற்ற முடியாது, புதிதுதான் வாங்க வேண்டும் என்று கடையில் கையை விரித்தார்கள். ஸ்க்ரூ ஸ்டாண்டின் முளையையே சாவியாக வைத்து அடி மூடியைத் திருகிக் கழற்றி, பழைய பேட்டரியின் இரு முனைத் தகடுகளை அறுத்து, புதியதைச் சால்டர் வைத்து ஒட்டினான். அப்பா முழு நேரமும் வாசற்படியில் சாய்ந்து நின்று பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றோ இல்லை என்றோ ஒரு வார்த்தை இல்லை. இரண்டு நாள் கழித்து அம்மாதான் சொன்னாள்: "கம்பெனி பூரா சொல்லி வெச்சிருக்காராம். என் பையன் பேட்டரி மாத்தினான், என் பையன் பேட்டரி மாத்தினான்னு. கேக்கறவங்க காது புளிச்சுப் போச்சாம்."

அப்பாவின் அன்பு எப்போதும் அம்மா வழியாகத்தான் வந்து சேரும், அந்தச் சுருளிலிருந்து இந்தச் சுருளுக்கு வருவது போல.

படிப்பு முடிந்ததும் அப்பா அவனைத் தன் கம்பெனியிலேயே பயிற்சிக்குச் சேர்த்துவிட்டார். அங்கேதான் கெட்டது. ஒரு நாள் மூடி போடும் இயந்திரத்தில் ஏதோ கரகரவென்று கேட்டது. பேரிங் போகிறது என்று ஸ்க்ரூவுக்குத் தோன்றிவிட்டது. யாரையும் கேட்காமல் சிவப்புப் பொத்தானை அழுத்தினான். லைன் முழுவதும் நின்றது. பிரித்துப் பார்த்தால் பேரிங் புத்தம் புதிதாக இருந்தது. கரகரத்தது மேல் தகடு, ஒரு போல்ட் தளர்ந்திருந்தது. நிரம்பிய பாட்டில்கள் திறந்த வாயோடு வெகுநேரம் காத்து நின்றன. மேனேஜர் வந்தார், எல்லோரும் கூடினார்கள். அத்தனை பேர் முன்னால் அப்பா சொன்னார்:

"நீ போனா இங்க லைன் ஒண்ணும் நின்னுடாது. போ."

அவர் வீட்டுக்குப் போ என்றுதான் சொன்னார். ஸ்க்ரூ ஊரை விட்டே போனான். பெட்டியில் துணிகளைத் திணித்தபோது குளியலறைக்குள் போகவே இல்லை. சிவப்பு வளையம் போட்ட தலை ஈரத்தோடு அங்கேயே இருந்தது.

அதற்குப் பிறகு நாலு வருஷம் அப்பாவும் பிள்ளையும் பேசவில்லை. அம்மாவோடு போனில் பேசுவான். பின்னணியில் அப்பாவின் குரல் கேட்கும்: "சாப்பாடு எங்கன்னு கேளு." அம்மா கேட்பாள். அவன் அம்மாவுக்குப் பதில் சொல்வான். அவ்வளவுதான்.

இப்போது அப்பா ஓய்வு பெற்றுவிட்டார். முதுகு வலி. மாடி ஏறி இறங்க முடியவில்லை. அக்கா வீட்டுக்குப் பக்கத்தில் கீழ்த்தளத்தில் சின்ன வீடு ஒன்று பார்த்தாகிவிட்டது. "சாமான் கட்டணும். எல்லாரும் வராங்க. நீயும் ஒரு ராத்திரி வந்து இருந்துட்டுப் போடா" என்றாள் அம்மா. அவன் மறுநாள் மதியம் திரும்பும்படி பஸ் டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்தான். பஸ்ஸில் உட்கார்ந்த நேரமெல்லாம் ஒரே நினைப்புத்தான். அந்த வீட்டில் இதுதான் கடைசி இரவு. அதற்குள் அப்பா தன்னிடம் நேராக ஒரு வார்த்தை பேச வேண்டும். திட்டினாலும் பரவாயில்லை. அங்கே நின்ற பேச்சை அங்கேயே ஓட வைக்காவிட்டால், புது வீட்டில் அவன் யாரோ விருந்தாளி மாதிரி ஆகிவிடுவான்.

கதவைத் திறந்தது அப்பாதான். அவனைப் பார்த்தார், அவன் பையைப் பார்த்தார், உள்ளே திரும்பி, "வந்திருக்கான் பாரு" என்றார்.

டீ வந்தது. அப்பா எதிர் நாற்காலியில் செய்தித்தாளை விரித்துக்கொண்டார்.

"சர்க்கரை போதுமான்னு கேளு."

"அவன் உங்க மூக்குக்கு முன்னாடிதான் உக்காந்திருக்கான்" என்றாள் அம்மா.

"போதும்மா. அப்பாவுக்கு முதுகு எப்படி இருக்குன்னு கேளு."

"இருங்க, ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு மைக் வாங்கி வெக்கறேன்."

சுண்டு அட்டைப்பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு சிரித்தாள். அக்கா அவளை ஒரு தட்டு தட்டினாள்.

சற்று நேரம் கழித்து, செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து இன்னொரு கேள்வி வந்தது. "லிப்ட் கயிறு அறுந்துட்டா என்ன ஆகும்னு கேளு."

ஸ்க்ரூ அம்மா பக்கம் திரும்பி உட்கார்ந்தான். "கயிறு ஒண்ணு இல்லம்மா, நாலஞ்சு இருக்கும். ஒண்ணே மொத்த எடையையும் தாங்கும். எல்லாமே அறுந்துபோச்சுன்னு வெச்சிக்கோ. வேகம் கூடினதும் மேல ஒரு சக்கரம் அதைக் கண்டுபிடிச்சிடும். உடனே லிப்டுக்கு அடியில இருக்கற கவ்வி ரெண்டு பக்கத் தண்டவாளத்தையும் இறுக்கிப் பிடிச்சிக்கும். விழாது. அப்படியே நின்னுடும்."

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கேட்டாளா என்பதே சந்தேகம். ஆனால் அவன் சொல்லி முடிக்கும்வரை செய்தித்தாளின் பக்கம் புரளவில்லை.

சாயங்காலம் குளியலறை அலமாரியைக் காலி செய்யும் வேலை அவனுக்கும் அம்மாவுக்கும் வந்தது. பழைய சோப்புப் பெட்டி, காய்ந்துபோன ஷூ பாலிஷ், பல் உடைந்த சீப்பு. மூலையில் ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே பிரஷ் தலைகள். பிரிக்கப்படாத புதுத் தலைகள். கொட்டிப் பார்த்தான். எல்லாம் சிவப்பு வளையம்.

"என்னம்மா இது?"

"பாக்கெட் வாங்கினா நாலு நிறமும் வருது. மஞ்சள் எனக்கு. பச்சையும் நீலமும் இவளுங்க வரப்போ வேணும்." அம்மா அலமாரித் தட்டைத் துடைத்துக்கொண்டே பேசினாள். "சிவப்பு சும்மாதானே கிடக்குது, அதை மாட்டிக்கோங்களேன், எதுக்கு இன்னும் டேப்பச் சுத்திக்கிட்டுன்னு கேட்டேன். அவருக்காகன்னே இன்னொரு பாக்கெட் வாங்க வேண்டியிருக்கில்ல?"

"என்ன சொன்னார்?"

"அது ஆள் இருக்கிற பிரஷ்ன்னுட்டார்."

ஸ்க்ரூ தலைகளை ஒவ்வொன்றாகப் பைக்குள் திரும்பப் போட்டான். ஒன்றை மட்டும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

மறுநாள் காலையில் வீட்டில் பெட்டிகளுக்கு நடுவே நடக்கத்தான் வழி இருந்தது. சுண்டு கூடத்தில் நின்று கத்தினாள். "கடைசி நாள்! சிஸ்டம் போடுங்கப்பா! எல்லாரும் லைன்ல வாங்க!"

"உனக்கு வயசாகலையாடி?" என்றாள் அக்கா. ஆனால் பச்சை வளையத்தோடு முதலில் வந்து நின்றவள் அவள்தான். அம்மா அவளைத் தள்ளிவிட்டு முன்னால் போனாள். பின்னால் சுண்டு, அவளுக்குப் பின்னால் ஸ்க்ரூ. பிறகு காலடிச் சத்தம் மெதுவாக வந்து, அவனுக்கு இடப்பக்கம் நின்றது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. கறுப்பு டேப்பின் ஒரு நுனி மட்டும் ஓரக்கண்ணில் பட்டது.

"பிரஷ் ஏன் இப்படி முனகுது?" என்றாள் அக்கா வாய் நிறைய நுரையோடு.

"சார்ஜ் போட்டியாடி?" என்று அம்மா அறைக்குள்ளிருந்து கேட்டாள்.

"சார்ஜரை நேத்தே பெட்டில கட்டிட்டேனே" என்றாள் சுண்டு.

"எந்தப் பெட்டி?"

"பாத்ரூம்னு எழுதின பெட்டி. அதுக்கு மேல புத்தகப் பெட்டி. அதுக்கும் மேல தையல் மிஷின்."

ஸ்க்ரூவின் முறை வந்தது. சுண்டு பார்க்காமல் நீட்டினாள், அவன் வாங்கினான். சிவப்புத் தலையை மாட்டினான். சத்தம் தாழ்ந்து, இருமல்காரன் பாட்டு மாதிரி இருந்தது. தான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது சால்டர் வைத்த பேட்டரி இது என்று நினைத்துக்கொண்டான். முதல் விக்கல் வந்தது. மேல் வரிசையின் அடுத்த பக்கம் போனான். அங்கேயே மோட்டார் இழுத்து, தடுமாறி, நின்றுவிட்டது.

வீடு சட்டென்று அமைதியானது. சமையலறையிலிருந்து அம்மா, "என்னடா, நின்னுடுச்சா?" என்றாள். குழாயடியில் சுண்டு வாயில் தண்ணீரோடு திரும்பிப் பார்த்தாள்.

இனி நீள விக்கல் வராது. முறை எப்போது முடிந்தது என்று சொல்ல யாருமில்லை. கைப்பிடியை அலமாரியில் வைத்துவிட்டு நகர்ந்துவிடலாம். அதில் தப்பும் இல்லை.

அவன் நகரவில்லை. செத்த பிரஷ்ஷைச் சாதாரணப் பிரஷ் மாதிரி பிடித்துக்கொண்டு கையாலேயே தேய்த்தான். மேல் வரிசை முடிந்தது. கீழ் வரிசை, இந்தப் பக்கம். மணிக்கட்டு தானாகவே மறுபக்கம் போயிற்று. எண்ணவில்லை, கடிகாரம் பார்க்கவில்லை. ஓர் இடத்தில் கை தானாக நின்றது. தலையைப் பிடுங்கினான். கைப்பிடியைப் பார்க்காமல் இடப்பக்கம் நீட்டினான்.

கை அந்தரத்தில் நின்றது. அறையில் தொங்கும் துண்டு ஞாபகம் வந்தது.

பிறகு கையிலிருந்த கனம் போயிற்று.

சடக்கென்று ஒரு சத்தம், டேப் சுற்றிய தலை மாட்டப்படும் சத்தம். ஸ்க்ரூ கண்ணாடியைப் பார்த்தான். அப்பா பழக்கத்தில் சுவிட்சை அழுத்தினார். ஒன்றும் ஓடவில்லை. அவரும் கையாலேயே தேய்க்க ஆரம்பித்தார். இப்போது அவன் குழாய்ப் பக்கம் நகர்ந்து வழிவிட வேண்டும், அதுதான் சிஸ்டம். ஆனால் அப்பாவுக்குப் பின்னால் வரிசையில் யாரும் இல்லை. அதனால் அங்கேயே நின்றான். இருவர் முகமும் ஒரே கண்ணாடியில், இருவர் வாயிலும் நுரை.

அப்பா குவளையில் துப்பினார். கண்ணாடியில் தெரிந்த அவன் முகத்தைப் பார்த்தார்.

"பேட்டரி போச்சுடா" என்றார்.

'கேளு' என்று யாரையும் சொல்லவில்லை. ஸ்க்ரூ வாயோரத்து நுரையைப் புறங்கையால் துடைத்துக்கொண்டான்.

"ஆமாப்பா. மாத்திடலாம்."

"பஸ்ஸு மத்தியானம்னு சொன்னாளே உங்கம்மா."

"நாளைக்கும் பஸ் இருக்கு."

அப்பா மறுபடி கொஞ்ச நேரம் தேய்த்தார். பிறகு பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்து, அதையே பார்த்துக்கொண்டு பேசினார்.

"அன்னிக்குச் சொன்னேன். நீ போனா லைன் நின்னுடாதுன்னு." டேப்பின் பிரிந்த நுனியைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினார். "இங்க நின்னுதான்டா போச்சு."

சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "யாரு அங்க பேசறது? நேராவா பேசறீங்க? அப்ப எனக்கு வேலை போச்சா?"

"உனக்கு வேற வேலை இருக்கு" என்றார் அப்பா உரக்க. "அந்தத் தையல் மிஷினை இறக்கணும், வா."

"முதுகு வலிக்காரர் மிஷின் இறக்கப் போறாராம்!"

"நான் எங்க இறக்கறேன்? அதுக்குத்தான் இவன் இருக்கானே" என்றார் அப்பா, இடது கையால் அவன் தோளைக் குழாய்ப் பக்கமாகத் தள்ளிக்கொண்டே. "வாயைக் கொப்பளிடா முதல்ல."